திரியாய்க் கடலின் மழைக் கணக்கு

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து வடக்கு நோக்கிப் புல்மோட்டைக்குச் செல்லும் கடற்கரைச் சாலை இலங்கைத் தீவின் அழகிய சாலைகளுள் ஒன்று. நிலாவெளியின் உப்பளங்களையும், கரைக்கு அப்பால் நீரில் மிதப்பது போல் தோன்றும் புறாத்தீவையும், இறக்கக்கண்டியின் கழிமுகத்தையும், குச்சவெளியின் பாறைகளையும் கடந்து, ஏறக்குறைய 45 கிலோமீட்டர் சென்றால் திரியாய் வருகிறது. முன்னாளில் இந்த வழியே வந்தவர்கள் துறைகளில் தோணிக்காகக் காத்துக்கிடக்க வேண்டியிருந்தது. இன்று பாலங்கள் இருக்கின்றன. பஸ் வண்டி ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது; அவ்வளவே.

திரியாய் பழைய தமிழ்க் கிராமம். வயலும் குளமும் பனையும் அடர்காடும் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும் ஊர். 1985ஆம் ஆண்டில் யுத்தத்தின் காரணமாக ஊர் அழிந்து, மக்கள் யாவரும் வெளியேறினர். பல ஆண்டுகளுக்குப் பின்னரே சிறுகச் சிறுகத் திரும்பி வந்து குடியேறினர். இன்றும் கூரையின்றி நிற்கும் சுவர்களை இடையிடையே காணலாம். ஆயினும் வயல்கள் மறுபடி பச்சை பிடித்திருக்கின்றன. ஐப்பசி முதல் தை வரை வாடைக் காற்றோடு வரும் மாரி மழை குளத்தை நிரப்பினால் காலபோகம் உண்டு, நிரப்பாவிட்டால் இல்லை. இந்த ஊரின் பொருளாதாரத்தை இதற்கு மேல் விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஊருக்கு அணித்தாகக் கந்தசாமிமலை என்று மக்கள் வழங்கும் குன்றொன்று உண்டு. அதன் உச்சியில், கருங்கல் தூண்கள் வட்டம் வட்டமாகச் சூழ்ந்து நிற்க, நடுவே பழைய பௌத்த தூபியொன்று இருக்கிறது. கிரிகண்டு சேயா என்பது அதன் பெயர். அருகே பாறையில், பல்லவ கிரந்தத்தை ஒத்த எழுத்தில், வடமொழியில் ஒரு சாசனம் வெட்டப்பட்டிருக்கிறது. கி.பி. 8ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்று அறிஞர் கூறுவர். பலவகைப் பாய்க்கப்பல்களில் சரக்கேற்றிக் கடலோடுவதில் வல்ல வணிகர் கூட்டத்தாரை அச்சாசனம் குறிப்பிடுகின்றது. தபுசன், வல்லிகன் என்னும் இரு வணிகரின் பெயர்களும் அதிலே உண்டு.

அந்த வணிகர்கள் யாராயினும் ஆகுக. அவர்கள் நம்பியிருந்தது ஒன்றே. ஆண்டின் ஒரு பாதியில் தென்மேற்கிலிருந்தும் மறு பாதியில் வடகிழக்கிலிருந்தும் தவறாது மாறி மாறி வீசும் காற்று. அதே காற்றே இன்றும் திரியாயின் குளத்தை நிரப்புகிறது. வங்கத்தின் நெல்வயலையும் ஒரிசாவின் மகாநதியையும் நிரப்புகிறது. இந்தக் காற்று என்றும் இப்படியேதான் வீசிற்றா? ஆயிரமல்ல, பதினாயிரமல்ல, லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் எப்படி வீசிற்று? மலையுச்சியில் நின்று கிழக்கே நோக்கினால், வயலுக்கும் களப்புக்கும் அப்பால் நீலமாய் விரிந்து கிடக்கும் கடலே அதற்கு விடை வைத்திருக்கிறது. ஏட்டில் அல்ல, சேற்றில்.

திருகோணமலைக் கடல் ஆழத்துக்குப் பெயர் பெற்றது. துறைமுக வாயிலுக்கு அணித்தாகவே நீரடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்குத் தொடங்கி, மலைநாட்டுக் கணவாய் போல் வளைந்து சென்று, மூவாயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் வங்காள விரிகுடாவின் தரையோடு கலக்கிறது. அத்தரை வெறும் பாறையன்று. கங்கையும் பிரமபுத்திராவும் இமயத்தை அரைத்துக் கொண்டுவந்து கொட்டிய மணலும் களிமண்ணும் தெற்கே ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் தூரத்துக்கு விசிறி போல் பரந்து கிடக்கின்றன. உலகத்தில் இதனினும் பெரிய வண்டல் விசிறி வேறில்லை. நம் தீவுக்குக் கிழக்கே, நாம் காணாத ஆழத்தில், இமயமலை தூளாகிப் படுத்திருக்கிறது என்று சொன்னாலும் மிகையாகாது.

இந்த மணலோடு கூடவே, ஓசையின்றி மற்றொரு மழையும் கடலடியில் பெய்துகொண்டிருக்கிறது. கடலின் மேல்நீரில் போராமினிபெரா எனப்படும் நுண்ணுயிர்கள் கோடானுகோடி வாழ்கின்றன. கடுகினும் சிறிய உடலைச் சுற்றிச் சுண்ணாம்பு ஓடு கட்டிக்கொள்ளும் பிராணிகள் இவை. சில வாரம் வாழ்ந்து மடிந்தால், ஓடு மெல்ல மெல்லக் கீழே இறங்கி அடியில் சேருகிறது. ஆழ்கடலில் இவ்வாறு சேரும் படிவு ஆயிரம் ஆண்டுகளில் ஓரிரு சென்டிமீட்டர் உயர்வதே அரிது. ஒரு சாண் சேற்றுக்குப் பத்தாயிரம் ஆண்டு என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். கீழே போகப் போகக் காலத்தில் பின்னே போகிறோம்.

ஓட்டில் என்ன எழுதியிருக்கிறது? பிராணவாயுவில் இலேசானது, கனமானது என இரு வகை அணுக்கள் உண்டு. கடல்நீர் ஆவியாகும்போது இலேசானது எளிதில் எழுகிறது. அது மழையாகி ஆற்று வழியே கடலுக்குத் திரும்பினால் கணக்கு நேராகிவிடும். ஆனால் வடதுருவத்தை ஒட்டிய நாடுகளில் பனிப்பாறைகள் மலைபோல் வளருங் காலத்தில், இலேசான அணுக்கள் பனியிலே சிறைப்பட்டுக் கடலுக்குத் திரும்புவதில்லை. கடல்நீரில் கனமான அணுக்களின் விகிதம் உயர்கிறது. பிராணி அந்த நீரைக் கொண்டே ஓடு கட்டுவதால், ஓடும் கனக்கிறது. மேல்நீரில் வாழும் உயிரின் ஓடு மற்றொன்றையும் சொல்லும்: பெருமழை பெய்து ஆறுகள் விரிகுடாவில் நன்னீரைக் கொட்டினால் மேல்நீர் இலேசாகிறது, ஓடும் இலேசாகிறது. கடலடியில் வாழும் இனங்களின் ஓட்டைக் கொண்டு பனியின் கணக்கைப் பிரித்து, ஓட்டில் கலந்த மக்னீசியத்தைக் கொண்டு நீரின் வெப்பக் கணக்கையும் கழித்துவிட்டால், எஞ்சி நிற்பது மழைக் கணக்கு.

திரியாயில் வாய்க்கால் வரம்பொன்றில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவரிடம் இச்செய்தியை நாம் விளக்க முயன்றோம். அவர் பொறுமையோடு கேட்டுவிட்டு, "கடலுக்க கிடக்கிற சேத்துக்கும் எங்கட மழைக்கும் என்ன தம்பி சம்பந்தம்?" என்றார். "மழை கூடினதும் குறைஞ்சதும் அதிலே பதிஞ்சிருக்கு, ஐயா" என்றோம். "அப்ப மழை ஏன் கூடிச்சுது, ஏன் குறைஞ்சுதெண்டும் அது சொல்லுமோ?" என்று மறுகேள்வி போட்டார். கேள்வி சரியான இடத்தில் விழுந்தது. விஞ்ஞானிகள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் விவாதித்ததும் இதையேதான்.

விடையின் பாதி நம் வீட்டுப் பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. பஞ்சாங்கத்தின் முன்பக்கங்களில் அயனாம்சம் என்று ஓர் எண் காணப்படும். இக்காலத்தில் அது 24 பாகையைச் சற்றே கடந்தது. தை முதல் நாளை உத்தராயணத்தின் தொடக்கம் என்று நாம் பொங்கலிட்டுக் கொண்டாடுகிறோம். உண்மையில் சூரியன் வடக்கே திரும்புவதோ டிசம்பர் 21 அல்லது 22ஆம் தேதியிலேயே. மூன்று வாரத்துக்கு மேற்பட்ட இந்த இடைவெளி எப்படி வந்தது? சுழலும் பம்பரம் சாய்ந்து தலையாட்டுவது போலப் பூமியின் அச்சும் தலையாட்டுகிறது. 72 ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு பாகை. முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 26,000 ஆண்டு. நம் முன்னோர் இதை அயன சலனம் என்று அறிந்து, கணித்து, பஞ்சாங்கத்தில் ஏற்றிவைத்தனர். நாளும் நட்சத்திரமும் பார்ப்பதற்கு மட்டுமே அதைப் பயன்படுத்தினோம் என்பது வேறு விஷயம்.

பூமி சூரியனைச் சுற்றும் பாதை முழு வட்டமன்று. சற்றே நீண்ட வட்டம். ஆகவே ஆண்டில் ஒரு முறை பூமி சூரியனுக்கு மிக அருகே வருகிறது. இக்காலத்தில் அது ஜனவரி முதல் வாரத்தில், அதாவது நமது மார்கழிப் பிற்பகுதியில் நிகழ்கிறது. அப்போது தூரம் ஏறக்குறைய 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டர். ஜூலையில் மிக விலகும்போது 15 கோடியே 21 லட்சம். ஐம்பது லட்சம் கிலோமீட்டர் வித்தியாசத்தால் பூமிக்கு வந்து சேரும் வெயிலில் ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கு வேறுபாடு உண்டாகிறது. இந்த நெருங்கும் நாள் நிலையாக நிற்பதில்லை. ஏறக்குறைய 58 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் முன்னோக்கி நகர்கிறது. கி.பி. 13ஆம் நூற்றாண்டின் நடுவில் அது டிசம்பர் மாத அயன நாளோடு ஒன்றாக இருந்தது. ஏறக்குறைய 11,000 ஆண்டுகளுக்கு முன்போ நட்டநடுக் கோடையில் இருந்தது.

அப்போது என்ன நேர்ந்திருக்கும்? ஆசியப் பெருநிலம் இன்றைக்கினும் கடுமையாகக் காய்ந்திருக்கும். காய்ந்த நிலத்தின் மேல் காற்று எழ, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று பாய்ந்து வரும். அதுதானே தென்மேற்குப் பருவக்காற்று! நிலம் எவ்வளவுக்குக் காய்கிறதோ அவ்வளவுக்கு மழை பலப்படும். ஆறேழாயிரம் ஆண்டுகளுக்கு முன் வரை இந்தியப் பெருநாட்டில் கோடை மழை இன்றைக்கினும் வலுவாகப் பெய்தது என்பதற்கும், பின்னர் அது படிப்படியாகத் தளர்ந்தது என்பதற்கும் கடலிலும் ஏரியிலும் குகையிலும் சான்றுகள் கிடைத்திருக்கின்றன.

அச்சின் தலையாட்டத்தோடு நீள்வட்டமும் மெல்லத் திரும்புவதால், பருவமும் அண்மையும் மீண்டும் பொருந்துவதற்கு 26,000 ஆண்டு ஆவதில்லை. 19,000 முதல் 23,000 ஆண்டு வரையே ஆகிறது. இதனோடு அச்சின் சாய்வும் 22 பாகைக்கும் 24½ பாகைக்கும் இடையே 41,000 ஆண்டுக்கு ஒரு முறை ஏறி இறங்குகிறது. பாதையின் நீட்சியோ ஏறக்குறைய 1,00,000 ஆண்டுக்கு ஒரு முறை கூடிக் குறைகிறது. ஒரே கடிகாரத்தில் மூன்று முட்கள் போல என்று கொள்ளலாம்.

இம்மூன்றும் பூமியின் தட்பவெப்பத்தை ஆளும் என்று சொன்னவர்களின் வரலாறு தனிக் கட்டுரைக்கு உரியது. கிளாஸ்கோ நகரத்துக் காட்சிசாலையொன்றில் காவலாளாக வேலை பார்த்துக்கொண்டே நூல்களைப் படித்து இக்கொள்கையை வகுத்த ஜேம்ஸ் குரோலும், முதலாம் உலக யுத்தத்தின்போது புடாபெஸ்டில் அடைபட்டிருந்த காலத்திலும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த செர்பியப் பேராசிரியர் மிலான்கோவிச்சும் முக்கியமானவர்கள். மிலான்கோவிச் 1958இல் காலமானார். அவர் கணக்கைப் பலர் அப்போது நம்பவில்லை. நம்பச் செய்தது கடற்சேறு.

அந்தச் சேறு எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதே நமக்குச் சுவை தரும் செய்தி. கொழும்புக் கரையில் நின்று, நேர் தெற்கே, சற்றும் திரும்பாமல் கப்பல் விட்டால், வழியில் நிலம் என்பதே இல்லை. கொழும்பு நிற்கும் அதே தீர்க்கரேகையில், தென் அட்சம் 43½ பாகையில், மூவாயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திலிருந்து, ராபர்ட் கொன்ராட் என்னும் ஆராய்ச்சிக் கப்பல் குழாய் இறக்கிச் சேற்றுத்தண்டு ஒன்றை எடுத்தது. அதற்கும் தென்கிழக்கே எல்டானின் என்னும் கப்பல் எடுத்த மற்றொரு தண்டையும் அதனோடு இணைத்து, ஹேஸ், இம்ப்ரி, ஷாக்கிள்டன் என்னும் மூவர் 4,50,000 ஆண்டுக் கணக்கை வாசித்தனர். 23,000, 42,000, 1,00,000 என்னும் தாளங்கள் சேற்றில் தெளிவாகவே இருந்தன. 1976 டிசம்பரில் அவர்கள் கட்டுரை வெளிவந்தது. பூமியின் பாதையும் அச்சும் பனியுகங்களை நடத்தும் தாளக்காரர் என்பது அன்று முதல் பொதுவாக ஏற்கப்பட்டது. இந்து சமுத்திரமே சாட்சி சொல்லிற்று என்பதில் நமக்குச் சிறிது பெருமை கொள்ளலாம்.

நம் விரிகுடாவுக்கும் கப்பல்கள் வந்தன. 1972இல் குளோமர் சாலஞ்சர் துளையிட்டது. 1987இலும் 1988இலும் அதன் பின்வந்த ஜோய்டஸ் ரெசலியூஷன் வந்தது. 2015இன் தொடக்கத்தில் அதே கப்பல் வட அட்சம் 8 பாகையை ஒட்டி, அதாவது திருகோணமலைக்குச் சற்றுத் தெற்கான நேர்கோட்டில், கரையிலிருந்து சில நூறு கிலோமீட்டர் கிழக்கே, ஏழு இடங்களில் கடலடியைத் துளைத்தது. மார்ச் முடிவில் கொழும்புத் துறைமுகத்தை அடைந்தது. நம் பத்திரிகைகளில் அது பெரிதாகப் பேசப்பட்டதாக நமக்கு நினைவில்லை.

விசிறியின் நடுவே மழைக் கணக்கை வாசிப்பது எளிதன்று. இமயத்து மணல் அவ்வப்போது வெள்ளம் போல் நீரடியில் பாய்ந்து வந்து, ஓடுகளின் மெல்லிய படிவை மூடிவிடுகிறது. சில இடங்களில் அரித்தும் சென்றுவிடுகிறது. கணக்கப்பிள்ளையின் ஏட்டின் மேல் யாரோ கூடை கூடையாக மண்ணைக் கொட்டியது போல. ஆகையால் ஆராய்ச்சியாளர் மேட்டைத் தேடினர். கிழக்குத் தீர்க்கரேகை 90 பாகையை ஒட்டி வடக்குத் தெற்காக நீளும் கடலடி மலைத்தொடரின் முதுகில் மணல் வெள்ளம் ஏறுவதில்லை. அங்கே ஓடுகள் மட்டும் அமைதியாய்ச் சேர்ந்திருக்கின்றன. சுமாத்திராவின் தோபா எரிமலை 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தபோது விழுந்த சாம்பலும் விரிகுடாச் சேற்றிலே வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. தேதியிட்ட முத்திரை போன்றது அது.

மழையை நேரே கேட்க விரும்பியோர் மகாநதியின் முகத்துக்கு எதிரே சென்றனர். அங்கே ஏறக்குறைய 1,400 மீட்டர் ஆழத்தில் எடுத்த தண்டிலிருந்து 9,00,000 ஆண்டு மழைக் கணக்கு 2021இல் வெளியிடப்பட்டது. ஒரு புதுமை அதிலே கண்டது. கோடை வெயிலின் ஏற்ற இறக்கத்தை மட்டும் மழை பின்பற்றவில்லை. உலகில் பனிப்பாறை குறைந்து, காற்றில் கரியமிலவாயு மிகுந்திருந்த காலங்களிலும், தென்பாதிக் கடல்களிலிருந்து ஈரம் அதிகமாக வந்த காலங்களிலுமே மழை மிகுந்தது. வானத்துக் கடிகாரம் தாளம் போட்டாலும், பாட்டு எவ்வளவு உரத்துக் கேட்கும் என்பதைக் கரியும் பனியும் தீர்மானித்தன என்பது கருத்து.

இங்கே திரியாய் வாசகர் ஒருவர் குறுக்கிடலாம்: கோடைப் பருவத்தில் எங்கள் ஊரில் மழையே இல்லையே, கச்சான் காற்று வறண்டல்லவா அடிக்கிறது என்று. நியாயமான கேள்வி. விரிகுடாச் சேற்றின் கணக்கில் பெரும்பங்கு வடக்கே பெய்யும் கோடை மழைக்கு உரியது; நம் வாடை மழை அதிலே சிறுபற்று. ஆயினும் இரண்டும் ஒரே கடலின் செல்வம். கோடையில் வடக்கே கொட்டிய நன்னீர், ஐப்பசி கார்த்திகையில் கரையோர நீரோட்டத்தோடு தெற்கே இறங்கி, இதே திரியாய்க் கரையை உரசிச் செல்கிறது. அதன் மேலாகத்தான் நமக்கு மழை தரும் காற்று வருகிறது. அதே கடலிலிருந்துதான் 1964 டிசம்பரில் திருகோணமலையைத் தாக்கிய புயலும் வந்தது.

20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், கடல்நீர் ஏறக்குறைய 120 மீட்டர் கீழிறங்கியிருந்தது. மேற்கே பாக்கு நீரிணை வறண்டு, ஈழத்துக்கும் தமிழகத்துக்கும் இடையே நடந்தே போகலாம் என்னும் நிலை. கிழக்கே கண்டமேடை குறுகியது. ஆதலால் கரை நெடுந்தூரம் விலகவில்லை. மகாவலி கொட்டியாரக் குடாவில் தங்காமல் பள்ளத்தாக்கில் நேரே வீழ்ந்திருக்க வேண்டும். கந்தசாமிமலையிலிருந்து அன்று பார்த்தவர் எவரேனும் இருந்திருந்தால், களப்பைக் கண்டிருக்க மாட்டார்.

முதியவரின் கேள்விக்கு மறுபாதி விடை இனித்தான். கடந்த 8,00,000 ஆண்டுகளில், பனியில் அகப்பட்ட பழங்காற்றின்படி, பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமிலவாயு 300 பங்கைத் தாண்டியதில்லை. இரு நூற்றாண்டுகளுக்கு முன் 280 பங்கு இருந்தது. இன்று 420ஐக் கடந்துவிட்டது. பூமியின் அச்சு இதைச் செய்யவில்லை. அச்சு 72 ஆண்டுக்கு ஒரு பாகை என்னும் தன் பழைய நடையிலேயே போகிறது. அதன் போக்கில் விட்டால் கோடை மழை மறுபடி உச்சம் அடைய இன்னும் பதினாயிரம் ஆண்டளவு காத்திருக்க வேண்டும். அடுப்புக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் செய்த மாறுதலோ இரண்டே நூற்றாண்டில் நிகழ்ந்தது. ஆழ்கடல் சேற்றில் இரு நூற்றாண்டு என்பது சில மில்லிமீட்டர். மேற்புறச் சேற்றைப் புழுக்கள் கிளறிக் கலக்கிவிடுவதால் அதுவும் தனியே தெரியாது. பழைய ஏட்டில் இக்காலத்துக்கு ஒரு வரிகூட இன்னும் எழுதப்படவில்லை. இதைச் சொன்னபோது முதியவர் வாய்க்காலைப் பார்த்தபடி, "அப்ப மழை கூடுமெண்டுதானே சொல்லுறியள்? ஒரேயடியாக் கொட்டினா என்ர குளம் தாங்காது தம்பி, கட்டு உடைஞ்சு போகும்" என்றார். ஆய்வாளர்கள் எச்சரிப்பதும் அதையே: மொத்த மழை கூடும், வருகிற விதமோ முரட்டுத்தனமாக இருக்கும்.

கடலை வாசித்த ஜோய்டஸ் ரெசலியூஷன், பணச் செலவு மிகுதியென்று 2024இல் ஓய்வு பெற்றுவிட்டது. இந்து சமுத்திரத்தில் அது எடுத்த தண்டுகள் கொச்சியில் இருக்கின்றன. கேரளத்துக் கொச்சி அன்று. ஜப்பானில் அதே பெயர் கொண்ட நகரம். ஒவ்வொரு தண்டும் நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கப்பட்டு, ஒரு பாதி ஆய்வாளருக்குத் துண்டு துண்டாக வழங்கப்படுகிறது. மறு பாதி, குளிர்ந்த அறையில் அடுக்குத் தட்டுகளில், பின்னால் வருவோர்க்கென்று தொடாமல் வைக்கப்பட்டிருக்கிறது.